கோப்பை ஊருக்கு வரும்போது எங்கே நிற்பது? அயர்லாந்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

2022 ஜூலை 24. அயர்லாந்துக்கு வந்த பிறகு நான் பார்த்த முதல் கேலிக் கால்பந்து (அயர்லாந்தின் சொந்தக் கால்பந்து) இறுதிப்போட்டி. நடுவர் விசில் ஊதினார், எங்கள் கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) கெர்ரி, கால்வேயை வென்றது, எட்டு வருடம் கழித்துக் கோப்பை கிடைத்தது. சரி, முடிந்தது என்று டிவியை அணைத்துவிட்டு ராத்திரிச் சோற்றுக்கு அரிசி களையப் போனேன். அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது, கதவு தட்டும் சத்தம். பக்கத்து வீட்டுப் பெரியவர் நின்றார். ஒரு கையில் உடைந்த மரப்பலகைகள், இன்னொரு கையில் தேநீர் ஃபிளாஸ்க். “உள்ளே என்ன பண்ணிக்கொண்டிருக்கிறாய்? இப்போதுதானே ஆரம்பம்!”

நாற்சந்தியில் தீ மூட்டிவிட்டார்கள். பலகை, பழைய வேலிக்கட்டை, யார் வீட்டிலோ கால் ஒடிந்த நாற்காலி, எல்லாம் எரிந்தது. பச்சையும் பொன்னுமாகக் கொடி கட்டிய கார்கள் ஹாரன் அடித்துக்கொண்டு நாலு சாலையிலும் போய்வந்தன. ஆடினவர்கள் எல்லோரும் முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் டப்ளினில் இருந்தார்கள். இருந்தும், அந்த வழியாக இந்த நிமிடமே வரப்போகிறார்கள் என்பதுபோல ஊர் நின்றது.

இந்த வெற்றிக் கொண்டாட்டத்தைப் பற்றி அன்றிலிருந்து நான் கற்றுக்கொண்டதை, புதிதாக வருகிறவர்களுக்காக எழுதுகிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். இது சினிமா நட்சத்திரத்தைப் பார்க்கக் கூடும் கூட்டம் அல்ல, பக்கத்து வீட்டுக் கல்யாணம். எங்கே நிற்பது, என்ன சொல்வது, எப்போது கிளம்புவது என்று சந்தேகம் வரும்போதெல்லாம், தெருவில் ஒரு கல்யாணம் என்றால் என்ன செய்வோம் என்று யோசித்தால் போதும்.

போட்டிக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டியவை

கேலிக் கால்பந்தில் வீரர்களுக்குச் சம்பளம் கிடையாது. 1884-இல் தர்லஸ் ஊரில் தொடங்கிய ஜி.ஏ.ஏ. (கேலிக் அத்லெட்டிக் அசோசியேஷன்) என்ற அமைப்பு நடத்தும் அமெச்சூர் ஆட்டம் இது. ஆடுகிறவர்கள் ஆசிரியர், விவசாயி, எலெக்ட்ரீஷியன், வங்கி ஊழியர் என்று ஏதோ ஒரு வேலையில் இருப்பவர்கள். பெரும்பாலும் பிறந்து வளர்ந்த கவுண்டிக்குத்தான் ஆடுவார்கள். வீரர்களை ஏலத்தில் எடுக்கும் பேச்சே இல்லை. ஞாயிற்றுக்கிழமை எண்பதாயிரம் பேர் முன்னால் கோப்பையைத் தூக்கியவரை, அடுத்த வாரம் உங்கள் பிள்ளையின் பள்ளி வாசலிலோ கடையில் பால் வாங்கும்போதோ பார்ப்பீர்கள். கல்யாணம் என்று நான் சொன்னது இதனால்தான்.

கோப்பையின் பெயர் சாம் மகுவயர் கோப்பை. யாரும் முழுப்பெயர் சொல்வதில்லை, ‘சாம்’ என்பார்கள். “சாம் வீட்டுக்கு வருகிறான்” என்று யாராவது சொன்னால் விருந்தாளி வருவதாக நினைத்துவிடாதீர்கள். சாம் மகுவயர் கார்க் கவுண்டியின் டன்மான்வே ஊர்க்காரர், லண்டனில் தபால்துறையில் வேலை பார்த்துக்கொண்டே விடுதலை இயக்கத்தில் இருந்தவர். விடுதலைப் போராட்டத் தலைவர் மைக்கேல் காலின்ஸை ரகசிய இயக்கத்தில் சேர்த்தவர் அவர்தான். 1927-இல் இறந்தார். மறு வருடம் அவர் பெயரில் கோப்பை வந்தது, முதலில் வாங்கியது கில்டேர். ஆர்டா கிண்ணம் என்ற பழங்கால வெள்ளிக் கிண்ணத்தின் சாயலில் செய்தது. அந்தக் கிண்ணம் டப்ளின் கில்டேர் தெருவில் உள்ள தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது, கட்டணம் இல்லை. இப்போது கையில் வருவது 1988 முதல் புழங்கும் இரண்டாவது கோப்பை. பழையது, இறுதிப்போட்டி நடக்கும் டப்ளின் குரோக் பார்க் மைதானத்து அருங்காட்சியகத்தில் ஓய்வெடுக்கிறது.

அப்புறம் ஸ்கோர். பந்து வலைக்குள் போனால் கோல், குறுக்குக்கம்பத்துக்கு மேலே போனால் புள்ளி. 1-26 என்றால் ஒரு கோல், 26 புள்ளி. கோலுக்கு மூன்று, ஆக மொத்தம் 29. 2025 ஜூலை 27 அன்று கெர்ரி டானிகாலை 1-26, 0-19 என்று வென்றது. அதாவது 29-க்கு 19. முந்தைய வருடம் ஆர்மா கால்வேயை 1-11, 0-13 என்று வென்றது. கூட்டிப் பார்த்தால் ஒரே ஒரு புள்ளி வித்தியாசம். இந்தக் கூட்டலை மனதுக்குள் போடத் தெரியாமல் அன்றிரவு பப்பில் வாயைத் திறக்காதீர்கள். நான் திறந்தேன். 2025-இல் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது: கோலிலிருந்து 40 மீட்டர் வளைவுக்கு வெளியே நின்று அடித்தால் இரண்டு புள்ளி. அதைப் பற்றிய வாக்குவாதத்தில் புதியவர் யார் பக்கமும் சேராமல் தலையாட்டுவது நல்லது.

விசில் ஊதியதும்: மைதானத்தில் இருந்தால்

உங்களுக்கு டிக்கெட் கிடைத்திருந்தால் முதலில் வாழ்த்துகள். உறவுக்குள்ளும் ஊர் விளையாட்டுக் கிளப்புக்குள்ளும் கைமாறும் பொருள் அது. குரோக் பார்க்கில் 82,300 பேர் கொள்ளும். இரு கவுண்டி ரசிகர்களும் பிரிக்கப்படாமல் கலந்தே உட்கார்ந்திருப்பார்கள். 2025-இல் கெர்ரிக்கும் டானிகாலுக்கும் நிறமே ஒன்று, பச்சையும் பொன்னும். யார் அழுகிறார்கள், யார் சிரிக்கிறார்கள் என்று பார்த்துத்தான் ஊரைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

விசில் ஊதியதும் எழுந்து ஓடாதீர்கள். புல்தரைக்குள்ளும் இறங்காதீர்கள். ஒரு காலத்தில் எல்லோரும் வேலி தாண்டி உள்ளே ஓடி வீரர்களைத் தோளில் தூக்குவார்கள். ஊர்ப் பெரியவர்கள் இன்றும் அதை நினைத்துப் பெருமூச்சு விடுவார்கள். பாதுகாப்புக் காரணமாக 2010 வாக்கில் அதற்குத் தடுப்பு போட்டுவிட்டார்கள். இப்போது இருக்கையிலேயே நின்று, ஹோகன் ஸ்டாண்ட் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள். வீரர்கள் படியேறி அங்கே வருவார்கள். அந்த ஸ்டாண்டின் பெயரையும் தெரிந்துகொள்ளுங்கள். 1920 நவம்பர் 21 அன்று இதே மைதானத்தில் ஆட்டத்தின் நடுவே பிரிட்டிஷ் படை சுட்டதில் 14 பேர் இறந்தார்கள். டிப்பரரி அணியின் மைக்கேல் ஹோகன் அவர்களில் ஒருவர்.

ஜி.ஏ.ஏ. தலைவர் கோப்பையைக் கேப்டன் கையில் கொடுப்பார். 2024-இல் தலைவர் ஜார்லத் பர்ன்ஸ் ஆர்மாக்காரர். தன் ஊர்க் கேப்டன் எய்டன் ஃபோர்க்கரிடமே கொடுக்கும் பாக்கியம் அவருக்குக் கிடைத்தது. கேப்டன் பேச்சை ஐரிஷ் மொழியில் ஆரம்பிப்பார்: கேலிக் நண்பர்களே, இந்தக் கோப்பையைப் பெற்றுக்கொள்வதில் பெருமகிழ்ச்சி என்ற அர்த்தத்தில் இரண்டு வரி. வீட்டில் ஐரிஷ் பேசாதவர்கூட இந்த இரண்டு வரியை மனப்பாடம் செய்துகொண்டு வருவார். அதன் பிறகு நன்றிப் பட்டியல். பயிற்சியாளர், பிசியோ, சீருடை துவைத்தவர், அம்மா. பட்டியல் நீளும், முகம் சுளிக்காதீர்கள், சொல்லப்படும் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு ஊர் காத்திருக்கிறது. முடிவில் தோற்ற அணிக்காக மூன்று முறை ‘ஹிப் ஹிப் ஹுரே’. அதில் நீங்களும் சேர்ந்து கத்துங்கள். வெற்றிக்குக் கத்தாமல் விட்டாலும் யாரும் கவனிக்க மாட்டார்கள், இதற்குக் கத்தாமல் நின்றால் கவனிப்பார்கள்.

வெளியே வரும் வழி

ஜோன்ஸ் ரோட்டிலும் டிரம்காண்ட்ரா பக்கமும் ஒரே நேரத்தில் எண்பதாயிரம் பேர் இறங்குவார்கள். கூட வந்தவர்களோடு சந்திக்கும் இடத்தை ஆட்டத்துக்கு முன்பே பேசிவையுங்கள், அந்த நேரத்தில் போன் சிக்னலை நம்ப முடியாது. ஓ'கானல் தெருவுக்கு நடந்தே போய்விடலாம், இருபது இருபத்தைந்து நிமிடம்தான். கெர்ரி, கால்வே, மேயோ ரயில்கள் ஹூஸ்டன் நிலையத்திலிருந்து. டானிகாலுக்கு ரயிலே கிடையாது, பஸ் அல்லது கார். கடைசி ரயிலில்தான் திரும்புவோம் என்று திட்டமிட்டால் இருக்கைக்கு முன்பதிவு செய்யுங்கள். இல்லையென்றால் கதவோரம் நின்றபடி, ஊர் வரைக்கும் ஒரே பாட்டைக் கேட்டுக்கொண்டு வர வேண்டும்.

வழியில் தோற்ற கவுண்டி ஜெர்சியைப் பார்த்தால் “ஹார்ட் லக்” என்று சொல்லுங்கள். இரண்டே சொல், அது போதும். “விளையாட்டுதானே” என்று ஆறுதல் சொல்லிவிடாதீர்கள். துக்க வீட்டில் போய் வயசானவர்தானே என்று சொல்வதற்குச் சமம்.

ஞாயிறு இரவு

ஜெயித்த அணி அன்றிரவு டப்ளினில் ஒரு ஹோட்டலில் விருந்துக்குப் போய்விடும். அது குடும்பத்தாருக்கும் அழைப்பு உள்ளவர்களுக்கும். ஹோட்டல் வாசலில் போய் நிற்க வேண்டாம். ஆர்டிஈ தொலைக்காட்சியின் இரவு நிகழ்ச்சியில் அந்த ஹோட்டலிலிருந்தே நேரலையாகக் காட்டுவார்கள், ஆட்ட நாயகன் விருதும் அங்கேதான் கொடுக்கப்படும். கால்சட்டையும் ஜெர்சியுமாகப் பார்த்த பையன்கள் கோட்டும் டையும் போட்டுக்கொண்டு, என்ன பேசுவது என்று தெரியாமல் கூச்சத்தோடு நிற்பதைப் பார்க்கலாம். எனக்கு ஆட்டத்தைவிட இது பிடிக்கும்.

ஊரில் இருப்பவர்களுக்கு இரண்டு இடம்: நாற்சந்தித் தீ, பப். தீ என்றால் பலகை எடுத்துப் போங்கள், டயர் எடுத்துப் போகாதீர்கள். முன்பு டயர் எரிப்பார்கள், இப்போது அது சட்டப்படி குற்றம். குழந்தைகளைக் காற்று வீசும் திசைக்கு எதிர்ப்பக்கம் நிறுத்துங்கள். ஜூலைக் கடைசியில் இரவு ஒன்பதரை மணி வரை வெளிச்சம் இருக்கும், ஆகவே தீயின் அழகு தெரிய நேரமாகும், யாரும் சீக்கிரம் வீட்டுக்குப் போக மாட்டார்கள்.

பப்புக்குக் குழந்தைகளோடு போகலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். பெற்றோர் கூட இருந்தால் போகலாம். மே முதல் செப்டம்பர் வரை இரவு 10 மணிக்குள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வழக்கமாக 11 மணிக்கு ஊற்றுவது நிற்கும், குடித்து முடிக்க அரை மணி. குடிக்காதவர் பப்பில் நிற்பது இங்கே யாருக்கும் வினோதமில்லை, ஆரஞ்சு ஜூஸ் கேட்டால் போதும். ஆனால் ‘ரவுண்டு’ வழக்கத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். நாலு பேர் சேர்ந்து நின்றால், ஒருவர் நாலு பேருக்கும் வாங்குவார், அடுத்த முறை இன்னொருவர். உங்களுக்கு ஒருவர் வாங்கித் தந்த பிறகு, உங்கள் முறை வரும் முன் நழுவினால் அது நினைவில் இருக்கும். மொய் எழுதுவது மாதிரிதான், நோட்டுப் புத்தகம் மட்டும் கண்ணுக்குத் தெரியாது. நிறையக் குடிக்க விருப்பம் இல்லையென்றால் முதல் ரவுண்டை நீங்களே வாங்கிவிட்டு, ஒரு ஜூஸோடு கிளம்பிவிடலாம். கௌரவமான வெளியேற்றம்.

காரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். ரத்தத்தில் ஆல்கஹால் அளவு 100 மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராம்தான் வரம்பு. கற்றுக்கொள்பவர்களுக்கும், புதிதாக ஐரிஷ் லைசென்ஸ் எடுத்தவர்களுக்கும், ஓட்டுநர் வேலை பார்ப்பவர்களுக்கும் வெறும் 20. நம்மில் பலர் அந்த இரண்டாவது கணக்கில் வருவோம். திங்கள் காலையிலும் கார்டா, அதாவது போலீஸ், சாலையில் நிறுத்தி ஊதச் சொல்வார்கள். ராத்திரி குடித்தது விடியும்போது போய்விடும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

திங்கள் காலை

அணி முதலில் போவது டப்ளினில் கிரம்லின் பகுதியில் உள்ள குழந்தைகள் மருத்துவமனைக்கு. கோப்பையைப் படுக்கை படுக்கையாக எடுத்துப் போவார்கள். நீண்ட நாள் வழக்கம், படங்கள் செய்தியில் வரும். அங்கே கூட்டம் போடக் கூடாது, நோயாளியின் வீட்டார் அல்லாதவர்களுக்கு அங்கே வேலை இல்லை.

டப்ளினே ஜெயித்தால் கதை வேறு. அவர்களுக்கு ஊருக்குப் போகும் பயணமே இல்லை, இருக்கிற இடம்தான் ஊர். 2011-இல் மெரியன் சதுக்கத்தில் வரவேற்பு நடந்தது. கேப்பல் தெருவில் போர்ஸ் ஹெட் என்ற பப்பில் டப்ளின் வீரர்கள் கூடுவது தனி மரபு.

வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு சொல். ஆகஸ்ட் முதல் திங்கள்தான் அரசு விடுமுறை, இறுதிப்போட்டிக்கு மறுநாள் பெரும்பாலும் விடுமுறை இல்லை. லீவு யார் யாருக்கு என்று அரையிறுதி முடிந்த உடனே அலுவலகத்தில் பேச்சு ஆரம்பித்துவிடும். மருத்துவமனையிலோ முதியோர் இல்லத்திலோ நர்ஸ் வேலையில் இருப்பவர்கள், அந்தத் திங்கள் ஷிஃப்டை உள்ளூர்க்காரர் ஒருவருக்காக மாற்றிக்கொண்டு பாருங்கள். என் மனைவி ஒரு முறை மாற்றிக்கொடுத்தாள். அந்த வருடம் தீபாவளிக்கு லீவு கேட்க வேண்டிய அவசியமே வரவில்லை, அவர்களாகவே தேதியைக் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள்.

ஊர் வரவேற்பு

இதுதான் முக்கியமான நாள். ஆங்கிலத்தில் ஹோம்கமிங் என்பார்கள், அப்படிக் கேட்டால்தான் எல்லோருக்கும் புரியும். கெர்ரிக்காரர்களுக்கு ட்ரலீயும் கில்லார்னியும், 2024-இல் ஆர்மாக்காரர்களுக்கு ஆர்மா நகரின் அத்லெட்டிக் கிரவுண்ட்ஸ் மைதானம். இடமும் நேரமும் சாலை மூடலும் ஞாயிறு இரவுக்குள் அறிவிக்கப்படும். கவுண்டி கவுன்சில் பக்கத்தைவிட உள்ளூர் வானொலி வேகமாகச் சொல்லும். கெர்ரியில் ரேடியோ கெர்ரி, டானிகாலில் ஹைலேண்ட் ரேடியோ, மேயோவில் மிட்வெஸ்ட் ரேடியோ.

ஆர்மா, டைரோன் போன்றவை வட அயர்லாந்தில் இருக்கின்றன. இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்டோடு அயர்லாந்துக் குடியிருப்பு அனுமதியில் இருப்பவர்கள் அங்கே போகப் பிரிட்டன் விசா வேண்டும். எல்லையில் யாரும் நிறுத்திக் கேட்பதில்லை என்பதை நம்பி, பக்கத்து வீட்டுக்காரர் காரில் ஏறிவிடாதீர்கள். அவருக்கு அப்படி ஒரு விதி இருப்பதே தெரியாது, நல்ல மனசோடுதான் கூப்பிடுவார்.

அறிவித்த நேரத்துக்கு அணி வராது. ஆறரை என்றால் எட்டு என்று எடுத்துக்கொள்ளுங்கள். கவுண்டி எல்லையில் பஸ்ஸை நிறுத்தி, கேப்டன் கோப்பையோடு இறங்கி நடந்து எல்லையைத் தாண்டுவதும் உண்டு. அதன் பிறகு வழியில் ஒவ்வொரு சிற்றூரிலும் ஒரு கூட்டம், ஒரு தீ, ஒரு நிறுத்தம். உற்சவர் புறப்பாட்டில் வீட்டு வாசல்தோறும் தட்டு நீட்டினால் தேர் எப்படி நேரத்துக்கு நிலைக்கு வரும்?

ஆகவே என் யோசனை: பெரிய நகரத்துக்குப் போகாதீர்கள். அணி வரும் சாலையில் ஒரு சின்ன ஊரைத் தேர்ந்தெடுத்து அங்கே நில்லுங்கள். நகரத்தில் மேடையும் ஒலிபெருக்கியும் அறிமுகமும் பாட்டும் இருக்கும், ஆனால் நீங்கள் பார்க்கப்போவது முன்னால் நிற்பவரின் தோள்மேல் இருக்கும் குழந்தையின் முதுகை. முதல் வருடம் நான் அப்படித்தான் இரண்டு மணி நேரம் மழையில் நின்று, தூரத்தில் ஏதோ வெள்ளியாக மின்னியதைப் பார்த்துத் திரும்பினேன். 2025-இல் சாலையோரச் சிற்றூர் ஒன்றில் நின்றோம். பஸ் மெதுவாகி நின்றது. கதவு திறந்தது. ஒரு வீரர் கோப்பையின் ஒரு காதைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்க, சக்கர நாற்காலியில் இருந்த ஒரு பாட்டி இரண்டு கையாலும் அதன் வயிற்றைத் தடவிப் பார்த்தார். அவ்வளவுதான், மூன்று நிமிடம் இருக்கும். பஸ் போன பிறகும் அந்தப் பாட்டி கையை மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டே இருந்தார்.

கையில் எடுத்துப் போக வேண்டியவை: மழைக்கோட்டு (குடை வேண்டாம், பின்னால் நிற்பவர் கண்ணில் குத்தும், திட்டும் வாங்குவீர்கள்), தண்ணீர், பிள்ளைகளுக்குச் சாப்பாடு, கொஞ்சம் சில்லறை. சிப்ஸ் வண்டி இருக்கும், வரிசையும் இருக்கும். சின்னப் பிள்ளைகள் மணிக்கட்டில் உங்கள் போன் நம்பரைப் பேனாவால் எழுதிவிடுங்கள். காரை ஊருக்கு வெளியே நிறுத்தி நடங்கள், விவசாயி வயல் கேட்டை மட்டும் மறைத்து நிறுத்தாதீர்கள். ஜெர்சி இல்லையே என்று கவலை வேண்டாம், நிறத்தில் ஒரு துப்பட்டா போதும். என் மனைவி பச்சைப் புடவையில் வந்தாள். பொன் கரை வேறு. அன்று எங்களைப் படம் எடுத்தவர்கள் கோப்பையைப் படம் எடுத்தவர்களுக்குக் குறைவில்லை.

இந்த ஊர்வலங்களைப் பற்றி ஒரு கதை உண்டு. 1951-இல் மேயோ ஜெயித்துக் கோப்பையோடு ஊர் திரும்பும்போது, ஃபாக்ஸ்ஃபோர்டு என்ற ஊரில் ஒரு சவ ஊர்வலம் எதிர்ப்பட்டதாம். கொண்டாட்ட மயக்கத்தில் அவர்கள் நிறுத்தி மரியாதை செய்யாமல் போக, அந்த அணியில் கடைசி ஆள் உயிரோடு இருக்கும்வரை மேயோ ஜெயிக்காது என்று பாதிரியார் சபித்தாராம். நடந்ததற்குச் சாட்சி கிடையாது. ஆனால் அதன் பிறகு மேயோ இறுதிப்போட்டிக்குத் திரும்பத் திரும்ப வந்து தோற்றது, கடைசியாக 2021 செப்டம்பரில். அந்த ஆட்டம் முடிந்து இரண்டு வாரம் கழித்து, 1951 இறுதிப்போட்டியில் ஆடியவர்களில் கடைசியாக இருந்த பேடி பிரெண்டர்காஸ்டும் காலமானார். மேயோக்காரரிடம் இதை நீங்களாக எடுக்க வேண்டாம், அவராகச் சொன்னால் கேளுங்கள். ஆனால் வண்டி வரிசையில் போகும்போது சவ ஊர்வலம் வந்தால் ஹாரனை நிறுத்திவிட்டு ஓரம் ஒதுங்குங்கள். சாபத்தை நம்பாதவர்களும் ஒதுங்குவார்கள்.

கோப்பை கைக்கு எட்டும்போது

அடுத்த சில வாரங்களில் கோப்பை ஒவ்வொரு வீரரின் கிளப்புக்கும் போகும். உங்கள் ஊர்க் கிளப்பில் ஒரு வீரர் இருந்தால், ஒரு மாலை கிளப் கட்டடத்தில் மேஜைமேல் சாம் உட்கார்ந்திருப்பான். இதைவிட நல்ல வாய்ப்பு கிடையாது. கட்டணம் இல்லை, வரிசை மட்டும்.

தொடலாமா? தொடலாம், பக்கத்தில் நிற்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு. தலைக்கு மேல் தூக்குவது ஆடியவர்களுக்கு உரியது, படத்துக்காகக்கூடச் செய்யாதீர்கள். இன்னும் ஜெயிக்காத இளம் வீரர்களில் சிலர் கோப்பையைத் தொடவே மாட்டார்கள், ஜெயித்துத்தான் தொடுவோம் என்ற வைராக்கியம். அவர்களைப் பிடித்து அருகே நிற்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். கைக்குழந்தை இருந்தால் கோப்பைக்குள் உட்காரவைத்துப் படம் எடுப்பது ஊர் வழக்கம். எங்கள் பெண்ணுக்கு அப்போது ஏழு மாதம். உள்ளே இறக்கியதும் கோப்பையின் காதைப் பிடித்துக்கொண்டு வாயில் வைக்கப் போனாள். வரிசையில் இருந்தவர் சிரித்துக்கொண்டே, முந்தின ராத்திரி அதில் என்னென்ன ஊற்றிக் குடித்தார்கள் என்று சொன்னார். ஈரத் துணி ஒன்று கொண்டுபோங்கள்.

வீரரிடம் என்ன பேசுவது? “ஃபேர் ப்ளே” என்றால் போதும், சபாஷ் என்பது போல. அதற்கு மேல் அவரை நிறுத்திவைத்து ஆட்டத்தை அலசாதீர்கள். உங்கள் பிள்ளை எந்தப் பள்ளி என்று அவரே கேட்பார். ஜெர்சியில் கையெழுத்து கேட்கலாம், பேனா நீங்களே கொண்டுபோங்கள்.

இறுதிப்போட்டி முன்பு செப்டம்பரில் நடந்தது. அப்போது கோப்பை நேராகப் பள்ளிக்கூடங்களுக்குப் போகும், கேப்டன் வகுப்பின் முன் நின்று “இன்று வீட்டுப்பாடம் கிடையாது” என்று அறிவிப்பார். 2022 முதல் போட்டி ஜூலைக்கு வந்துவிட்டது, அப்போது பள்ளிகள் மூடியிருக்கும். சாம் பள்ளிக்கு வர இப்போது செப்டம்பர் வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது. ஜூலைக்கு மாற்றியதில் எனக்குள்ள ஒரே குறை இது. சூடு ஆறிய பிறகு வரும் பலகாரம் மாதிரி. பிள்ளைகள் என்னவோ அன்றும் அதே சத்தம்தான் போடுகிறார்கள், வீட்டுப்பாடம் அன்றும் கிடையாது.

உங்கள் கவுண்டி தோற்றிருந்தால்

தோற்ற அணிக்கும் வரவேற்பு உண்டு. நம்ப முடியாமல் இருந்தாலும் போய்ப் பாருங்கள். கூட்டம் குறையும், தீ குறையும், பாட்டு இருக்கும். மேடையில் ஏறும் பையன்கள் தலை நிமிரமாட்டார்கள். கைதட்டல் நிற்காமல் போகும், அவர்கள் நிமிரும்வரை. டானிகாலில் இருக்கும் நண்பர் ஒருவர், ஜெயித்த ஊர் வரவேற்புக்குப் போகிறவர்கள் நிறையப் பேர், தோற்ற ஊர் வரவேற்புக்குப் போகிறவர்களைத்தான் ஊர் ஞாபகம் வைத்துக்கொள்ளும் என்றார். வந்து ஒரு வருடம்கூட ஆகாத அவரை அதன் பிறகுதான் கிளப்பில் கோல்கம்பத்துக்கு வெள்ளை அடிக்கக் கூப்பிட்டார்களாம்.

கொண்டாட்டம் அடங்கிய பிறகு

ஆகஸ்டில் அதே வீரர்கள் அவரவர் கிளப்புக்கு ஆடத் தொடங்கிவிடுவார்கள், ஒருவரையொருவர் எதிர்த்து. போய் வேடிக்கை பாருங்கள், நுழைவுக் கட்டணம் சொற்பம், எல்லைக்கோட்டுக்குப் பக்கத்திலேயே நிற்கலாம். பிள்ளைகளைச் சேர்ப்பதென்றால் கோடையில் ஜி.ஏ.ஏ. நடத்தும் கூல் கேம்ப் என்ற பயிற்சி முகாம் நல்ல ஆரம்பம், ஆறு முதல் பதின்மூன்று வயதுவரை. பெண் பிள்ளைகளுக்கும் உண்டு. மகளிர் இறுதிப்போட்டியும் குரோக் பார்க்கில்தான், ஆண்கள் போட்டிக்கு அடுத்து. 2025-இல் அது ஆகஸ்ட் 3 அன்று நடந்தது, டப்ளின் மீத்தை வென்றது. குடும்பத்தோடு போக எனக்குத் தெரிந்து அதுதான் வசதி, டிக்கெட்டுக்கு யார் காலிலும் விழ வேண்டாம்.

கொடி, தோரணங்களை எப்போது இறக்குவது என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். தோற்ற ஊரில் இரண்டொரு நாளில் காணாமல் போகும். ஜெயித்த ஊரில் கம்பத்தில் கட்டியது கட்டியபடி இருக்கும், முதல் குளிர்காலப் புயல் வந்து கிழிக்கும் வரை. எங்கள் வீட்டுக் கேட்டில் கட்டிய கொடியில் பொன்னிறம் வெளுத்து வெள்ளையாகிவிட்டது. கழற்றலாம் என்று ஏணியோடு போனேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். ஏணியைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டேன்.